வினைச்சொல் வந்துசேர்வதற்குள்

எங்கள் ஊர் ஒலிபெருக்கிக்கு இரண்டே வேலைகள். ஒருவர் மௌத்தானால், அதாவது இறந்துபோனால், சொல்வது. ஒருவர் தேர்தலில் நின்றால் சொல்வது. இரண்டுக்கும் இரண்டு தொண்டைகள் வேண்டும் என்பது சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். கவிஞனுக்கு மட்டும் விளங்காது. (அந்தக் கவிஞன் நான்தான். அப்போது தலைநிறைய முடி இருந்தது. தலைக்குள் என்ன இருந்தது என்பதை இப்போது கிளற வேண்டாம்.)

கல்முனைக்குத் தெற்கே, கடலுக்கும் வயலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் ஊர் எங்களுடையது. கடல் ஊருக்குள் வந்துபோன அந்த மார்கழியில், பள்ளிவாசலில் அறிவித்தல் சொல்லிவந்தவருக்கு அழுதழுது குரல் போய்விட்டது. மைக் என் கைக்கு வந்தது. பாடசாலை முகாமிலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் பெயர்கள் வரும். இன்னாரின் மகனும், இன்னாரின் கணவரும், இன்னாரின் சகோதரருமாகிய இன்னார் என்று வாசிப்பேன். என் குரல் கேட்டால் கிணற்றில் வாளி பாதியில் நிற்கும். பெயர் விழுந்ததும் அழுகை எழும். வாக்கியம் முடியும்வரை ஒருவரும் காத்திருந்ததில்லை. அந்த நாட்களில் எல்லா வாக்கியமும் ஒரேமாதிரித்தான் முடிந்தது.

அதற்குப் பிறகும் மரணத்தைச் சொல்லும் ஜனாஸா அறிவித்தல் என்னிடமே தங்கிவிட்டது. “உன்ட குரல்ல ஒரு ஈரம் இரிக்கி” என்றார்கள். நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

பிறகு யுத்தம் முடிந்தது. சோதனைச் சாவடிகளில் இறங்கி நடக்காமல், பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பொத்துவில் போய் வரலாம் என்ற புதினம் எங்களுக்குப் பழகுமுன்பே பாராளுமன்றத் தேர்தல் வந்தது. கலந்தர்லெப்பை ஹாஜியார் வேட்பாளர். வயலும் அரிசி ஆலையும் உள்ளவர். கட்சி கடைசி நேரத்தில் கைவிட்டதால் சுயேச்சைக் குழுவில் நின்றார். குழுவுக்குக் கிடைத்த சின்னம் கட்டில். அவருடைய மகள் ஸபீனாவை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். நிக்காஹ் தேர்தலுக்குப் பிறகு.

“மைக்க நீதான் புடிக்கணும், மனே,” என்றார் ஹாஜியார். “வெண்டா ஊரே பாக்கக் கலியாணம். தோத்தா...”

அவர் அந்த வசனத்தை முடிக்கவில்லை. நான் பேச்சை மாற்றினேன்.

“என்ன செல்லணும், மாமா?”

“எங்கட தொகுதிர தேர்தல் வரலாறச் செல்லு. எங்கட குடும்பம் நிக்காம இஞ்ச ஒரு தேர்தலும் நடந்தல்ல. இளசுகளுக்குத் தெரியணும்.”

உண்மைதான். எங்கள் தொகுதியின் வரலாறு அந்தக் குடும்பத்துக்குள் நடந்த ஒரு நீண்ட சண்டை. பாட்டனார் குடைச் சின்னத்தில் வென்றார். அடுத்த தேர்தலில் அவருடைய சொந்த மருமகனே மணிக்கூட்டுச் சின்னத்தில் நின்று அவரைக் கவிழ்த்தார். இருவர் மீதும் கோபப்பட்ட ஒரு தாய்மாமன் மூன்றாவதாக நின்று கட்டுப்பணத்தை இழந்தார். அதற்குப் பிறகு இந்தக் கிளைகள் பெருநாளைக்குக்கூட ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சோறு தின்றதில்லை. தொகுதிக்கு ஒருவர் என்ற முறை போய், விருப்பு வாக்குக்காக மாவட்டம் முழுக்க அலையும் காலம் வந்தது. அப்போதும் நின்றார்கள், தோற்றார்கள், மறுபடி நின்றார்கள்.

இத்தனையையும் நான் ஒரே வாக்கியத்துக்குள் அடைத்தேன். முற்றுப்புள்ளி கவிதையின் எதிரி என்று நம்பியிருந்த வயது.

பிரசாரத்தின் முதல் நாள் காலை. நண்பன் நௌபரின் ஓட்டோவின் மேல் இரண்டு ஒலிபெருக்கிகள். உள்ளே நான். கடற்கரை வீதியில் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன்:

“அஸ்ஸலாமு அலைக்கும், ஊர் மக்களே! இத்தொகுதியின் முதல் உறுப்பினராகக் குடைச் சின்னத்தில் வென்ற மர்ஹூம் மீராலெப்பை அவர்களின் பேரனும், அவரையே மணிக்கூட்டுச் சின்னத்தில் தோற்கடித்த மர்ஹூம் கச்சிமுகம்மது அவர்களின் மருமகனும், இருவரையும் எதிர்த்துக் கட்டுப்பணம் இழந்த மர்ஹூம் சின்னத்தம்பிப் போடியார் அவர்களின் சகோதரியின் மகனுமாகிய அல்ஹாஜ் கலந்தர்லெப்பை அவர்கள்...”

(மர்ஹூம் என்பது இறந்தவரின் பெயருக்கு முன்னால் நாங்கள் வைக்கும் சொல். அன்று காலை அதை வாய்நிறையச் சொன்னேன்.)

தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். நௌபரின் ஓட்டோ அதற்கு முன்பே அடுத்த தெருவுக்குப் போய்விடும். ஒரு தெருவுக்கு மர்ஹூம்கள் கிடைத்தார்கள். அடுத்த தெருவுக்கு ஹாஜியாரின் பெயர் கிடைத்தது. அதற்கடுத்த தெருவுக்குக் ‘கட்டிலில்’ என்று ஒரு சொல். ‘போட்டியிடுகிறார்’ என்பது ஒவ்வொரு முறையும் காற்றோடு போய்க் கடலில் விழுந்தது.

வேலிகளில் பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு வந்து நின்றார்கள். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, தொப்பியை எடுத்துத் தலையில் போட்டார். தேத்தண்ணிக் கடைக்காரர் பாதிக் கதவைச் சாத்தினார். எனக்குப் புல்லரித்தது.

“மச்சான், ஆக்கள் அழுறாங்கடா!” என்றான் நௌபர்.

“வசனம் அப்பிடி,” என்றேன். (அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.)

ஒரு வாசலில் ஒரு பெண் ஓட்டோவை மறித்தாள். கண் சிவந்திருந்தது.

“என்ட ரப்பே! எப்ப மனே?”

தேர்தலைக் கேட்கிறாள் என்று உற்சாகமானேன். “வாற வியாழக்கிழமை, ராத்தா!”

“வியாழக்கிழமை வரைக்கும் வெச்சிரிக்கிறயா?”

“ஓம். காலம ஏழு மணிக்கே வந்திருங்க. வீட்டில உள்ள எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. அடையாள அட்டைய மறந்திராதீங்க!”

எங்கள் ஊரில் ஜனாஸாவை அன்றைக்கே அடக்கிவிடுவார்கள். அந்தப் பெண் ஒரு எட்டுப் பின்வாங்கினாள். நௌபர் முறுக்கினான். ஓட்டோ பறந்தது.

நண்பகலில் ஹாஜியாரின் வீட்டுக்குத் திரும்பினோம். வீதி முழுக்கச் சனம். பிளாஸ்டிக் கதிரைகள் இறங்கிக்கொண்டிருந்தன. மௌத்து வீட்டில் அடுப்பு எரிக்கக்கூடாது என்று அயலவர்கள் சோற்றுச் சட்டிகளோடு வந்துகொண்டிருந்தார்கள். “ஆதரவப் பாத்தியா?” என்றேன் நௌபரிடம்.

ஹாஜியார் அப்போது வீட்டில் இல்லை. சொறிக்கல்முனைப் பக்கம் விவசாயிகளிடம் வாக்குக் கேட்கப் போயிருந்தார். எங்களுக்குச் சற்று முன்தான் மோட்டார் சைக்கிளில் வந்து, தன் வீட்டு வாசலில் கூட்டத்தைக் கண்டு பதறி, முன்னால் நின்றவரின் தோளைத் தட்டியிருக்கிறார்.

“யாரு மௌத்து?”

“கலந்தர்லெப்பை ஹாஜியார்,” என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

“இன்னாலில்லாஹி வஇன்னா...” என்று மரணச் செய்தி கேட்டால் ஓதுவதைப் பழக்கத்தில் பாதிவரை ஓதிவிட்டு நின்றாராம் ஹாஜியார்.

நான் உள்ளே நுழைந்தபோது எதிர்வேட்பாளர் சுலைமான் முற்றத்தில் தேம்பிக்கொண்டிருந்தார். மணிக்கூட்டுக் கிளைக்காரர், ஹாஜியாருக்கு மச்சான் முறை. “இப்பிடி ஒரு மனிசன் இந்தத் தொகுதிக்கு இனிக் கிடைக்குமா?” என்று யாருடைய கையையோ பிடித்துக்கொண்டு அழுதார்.

அவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “மச்சான், அத மைக்கில செல்லு.”

சுலைமான் திரும்பினார், அலறினார், பிறகு ஹாஜியாரைக் கட்டிப்பிடித்து இன்னும் பலமாக அழுதார். அந்த அழுகையில் பொய் இல்லை. இருவருடைய உறவுகளில் கடல் எடுத்துப்போனவர்களும் அந்தக் கட்டிப்பிடிப்புக்குள் இருந்தார்கள் என்று எனக்குத் தோன்றியது. மேலும் கவித்துவமாக யோசிப்பதற்குள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“அறிவிச்ச இவன்தான்!”

“மாமா, நான் என்ன சென்ன எண்டா, அதாவது, தொகுதிர வரலாற்று அடிப்படையில...”

“வாய மூடு. நீ துவங்கினா எப்ப முடியும் எண்டு ஆருக்கும் தெரியா.”

உள்ளே மாமி மயங்கி எழுந்திருந்தார். ஸபீனா மட்டும் அழவில்லையாம். தாயின் முகத்தில் தண்ணீர் தெளித்தபடி அவள் சொன்னதை நௌபரின் மனைவி பிறகு எங்களிடம் சொன்னாள்: “அழாதீங்க உம்மா. அவர்ர வசனம் இன்னும் முடிஞ்சிரிக்காது. பொறுத்துப் பாப்பம்.”

ஊரிலேயே வினைச்சொல்லுக்குக் காத்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

வந்த சோற்றைத் திருப்பி அனுப்பக்கூடாது என்றார் ஹாஜியார். முற்றத்தில் பாய் விரித்து சஹன் வைத்தார்கள். அவரும் சுலைமானும் ஒரே சஹனில் கைபோட்டார்கள். குடையும் மணிக்கூடும் ஒன்றாகச் சோறு தின்பதை அன்றுதான் ஊர் பார்த்தது. எனக்கு ஒருவரும் இடம் வைக்கவில்லை.

பின்னேரமே மறுப்பு அறிவித்தலோடு புறப்பட்டோம். “ஹாஜியார் உயிரோடு இருக்கிறார்” என்று வாழ்க்கையில் முதன்முறையாகச் சின்ன வாக்கியம் ஒன்று சொன்னேன். ஆனால் மௌத்துச் செய்தி பஸ் ஏறிப் பொத்துவிலுக்குப் போயிருந்தது. என் மறுப்பு வழியிலுள்ள ஒலுவிலைத் தாண்டவில்லை. பொத்துவில்காரர்கள் ஹாஜியாருக்காக மனமுருகி துஆக் கேட்டார்கள். வாக்கை உயிரோடிருந்த ஒருவருக்குப் போட்டார்கள்.

ஹாஜியார் தோற்றார். முடிவு வந்த அன்று, பாதியில் நின்ற அந்த வசனத்தின் மிச்சத்தைக் கேட்க அவர் முன்னால் போய் நின்றேன்.

“மாமா, அண்டைக்கு ‘தோத்தா’ எண்டு சென்னீங்க...”

“ஓம். தோத்தா கலியாணத்தச் சின்னதா வைப்பம் எண்டு செல்ல வந்த.” என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீ என்னெண்டு நினைச்ச?”

கலியாணம் சின்னதாகத்தான் நடந்தது. சுலைமான்தான் சோறாக்கும் பொறுப்பு.

இப்போது எனக்கு நரை. நான் தொலைபேசியில் “உங்கட மூத்தாப்பா...” என்று தாத்தாவைப் பற்றி இழுத்தாலே என் பிள்ளைகள் “இரிக்காரா?” என்று கத்துவார்கள். போன பெருநாளன்று குடும்பமே கூடியிருந்தபோது என் மூத்தவள் ஹாஜியாரைச் சீண்டினாள். “மூத்தாப்பா, உங்கட ஜனாஸா அறிவித்தல மட்டும் வாப்பாட்டக் குடுத்திராதீங்க. ஊர்ல ஒருத்தரும் நம்பமாட்டாங்க.”

ஹாஜியார் பல்லில்லாத வாயால் சிரித்தார்.

“இல்ல புள்ள, உன்ட வாப்பாவே செல்லட்டும். ஒருத்தரும் நம்பாட்டி எனக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.”