ஷ்டெஃபான் தாத்தாவுக்கு மஞ்சள் பூசிய கதை

யாழ்ப்பாணத்தார் கையில் புதிதாக எதைக் கொடுத்தாலும் அதைச் சும்மா விடமாட்டோம். கார் என்றால் சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைப்போம். சட்டை என்றால் கரையில் மஞ்சள் தொட்டு வைத்த பிறகுதான் போடுவோம். கல்யாண அழைப்பிதழின் நாலு மூலையிலும் மஞ்சள் இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டில் சண்டையே வரும். இந்தப் பழக்கத்தால் இதுவரை யாரும் கெட்டுப்போனதில்லை, என் மனைவியைத் தவிர.

ஜெனி வெள்ளைக்காரி. (தமிழ் பழகியது என் அம்மாவிடம். ஆகவே கோபம் வந்தால் அச்சொட்டாக அம்மாதான்.) அவளுடைய தாயின் தகப்பன் ஷ்டெஃபான், ஸ்லோவாக்கியாவில் ஒரு மலைக்கிராமத்தில் பிறந்து இளவயதில் லண்டனுக்கு வந்தவர். பாட்டனோ பூட்டனோ அங்கே பிறந்திருந்தால் வழித்தோன்றல்கள் குடியுரிமை கேட்கலாம் என்று சட்டம் வந்ததும், ஜெனி துள்ளி எழும்பினாள். தாத்தா மடியில் வைத்துப் பாடிய பாட்டின் பொருள்கூடத் தெரியாமல் வளர்ந்த துக்கம் அவளுக்கு.

"அவற்ற ஊருக்கு நான் வெளியாளாப் போக ஏலாது" என்பாள்.

அகராதியை வைத்துக்கொண்டு கிராமத்துப் பதிவாளருக்கு அவர்களுடைய மொழியிலேயே கடிதம் எழுதி, மாதக்கணக்கில் காத்திருந்து, தாத்தாவின் பிறப்புச் சான்றிதழை எடுப்பித்தாள். நீல முத்திரையோடு வந்த அந்தக் கடதாசியைக் கண்டு அழுதாள்.

நான் அழவில்லை. நான் அனுபவஸ்தன் அல்லவா? அகதியாக வந்து இந்த நாட்டுக் குடிவரவு அதிகாரிகளையே சமாளித்தவன். லண்டன் இல்ஃபோர்ட் தமிழரில் பாதிப்பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவன் என்ற கெப்பர் வேறு.

"நீர் ஒண்டுக்கும் யோசிக்காதையும். தூதரக அலுவலை என்னட்ட விடும்" என்றேன். விட்டாள், பாவம்.

சந்திப்பு நாளன்று காலை, ஜெனி குளிக்கப்போன நேரம் பார்த்து அவளுடைய கடதாசிகள் இருந்த கோப்பைத் தூக்கிக்கொண்டு பிள்ளையார் கோவிலுக்கு ஓடினேன்.

"ஆற்ற பேருக்கு அர்ச்சனை?" என்றார் ஐயர்.

"ஷ்டெஃபான்."

ஐயர் அசரவில்லை. (லண்டன் ஐயர்.) "நட்சத்திரம், கோத்திரம்?"

"தெரியாது ஐயா. ஆள் கத்தோலிக்கர்."

"அப்ப சிவகோத்திரம் எண்டு சொல்லுவம்."

அர்ச்சனை முடிந்ததும் மஞ்சளைக் குழைத்து, எல்லாக் கடதாசிகளின் நாலு மூலையிலும் என் கையாலேயே பூசினேன். பிறப்புச் சான்றிதழுக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாக.

தூதரகத்தில் கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் அதிகாரி சிரித்த முகத்தோடு கோப்பைத் திறந்தார். முகம் மாறியது.

"இது என்ன?"

முத்திரை இருந்த மூலையில் மஞ்சள் அப்பிக் கிடந்தது. ஜெனி மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"மஞ்சள்... நல்ல சகுனத்துக்கு" என்றேன்.

"முத்திரை தெரியவில்லையே!"

அப்போதாவது கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கலாம். "ஒரு நிமிடம், மேடம்" என்று கடதாசியைக் கண்ணாடிக்கு அடியால் இங்கால் இழுத்து, மேசையில் இருந்த சானிடைசரை அதன்மேல் அமத்தி, காற்சட்டைப் பைக்குள் இருந்த லேஞ்சியால் தேய்த்தேன். மஞ்சள் போகவில்லை. முத்திரை போனது. நீலமும் மஞ்சளும் கலந்து பச்சையாகி, தாத்தா பிறந்த திகதிக்கு மேலே பரவியது.

"ஐயா, தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்!" என்று அதிகாரி எழுந்தே விட்டார். பிறகு ஜெனியிடம், "புதுப் பிரதி எடுத்து வாருங்கள், இதை ஏற்க முடியாது" என்றார் இரக்கத்தோடு. அந்த இரக்கம் கடதாசிக்காகவா, அவள் கட்டிய புருஷனுக்காகவா என்று தெரியவில்லை.

ரயிலில் பாதி வழிவரை ஜெனி அந்தப் பச்சைக் கடதாசியை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு கேட்டாள்: "என்னப்பா, உங்கட பிள்ளையாருக்கு ஸ்லோவாக் வாசிக்கத் தெரியுமோ?"

 நான் வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி அகராதி, மறுபடி கடிதம். நடந்ததை ஒளிக்காமல் எழுதினாள். பதிவாளர் இன்னொரு பிரதி அனுப்பினார், இந்தமுறை பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டி. அதை ஜெனி தூதரகத்துக்குத் தனியாகத்தான் கொண்டுபோனாள். குடியுரிமையும் கிடைத்தது.

இப்போது கோடையில் ஷ்டெஃபானின் ஊருக்குப் போய்வருகிறோம். விமானநிலையத்தில் ஐரோப்பியருக்கு ஒரு வரிசை, மற்றவர்களுக்கு ஒரு வரிசை. துணைவரும் கூடப் போகலாமாம். ஜெனி கூட்டிப்போக மாட்டாள். சட்டென்று ஐரோப்பியர் பக்கம் போய் நின்று, கையை வாயில் குவித்துக் கத்துவாள்:

"மஞ்சள் பூசின ஆக்கள் எல்லாம் மற்ற லைனில நில்லுங்கோ!"

அங்கே யாருக்கும் தமிழ் விளங்காது என்பதுதான் என் ஒரே ஆறுதல். போன கோடையில் அதுவும் போயிற்று. எனக்கு முன்னால் நின்ற வயதானவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, என்னத்துக்கு மஞ்சள் பூசினனீர்?"