நுரை பாயும் மூன்றாவது மூடியும்

நெகிரி செம்பிலானில் நுரையைப் பகைத்துக்கொண்டு வாழ்ந்த ஒரே மனிதர் நுரை பாய்தான். நெகிரி செம்பிலான் என்று அடக்கமாகச் சொல்கிறேன். மலேசியா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் இன்னொருவர் கிடைக்கமாட்டார். இத்தனைக்கும் மனிதர் இருபது வருஷம் செனாவாங்கில் ஓர் உணவகத்தில் தே தாரேக் இழுத்தவர். மேலே ஒரு குவளை, கீழே ஒரு குவளை, நடுவில் ஒரு முழத்துக்குத் தேநீர், கோப்பையின் மேல் இரண்டு விரல் நுரை. அந்த நுரைதான் அவருக்குச் சோறு போட்டது. தோள்பட்டை மக்கர் பண்ணியதும் சுங்கை காடுட்டில் இருக்கும் எங்கள் பைபர் கிளாஸ் தொழிற்சாலைக்கு ரெசின் என்கிற பிசினைக் கலக்க வந்து சேர்ந்தார். ரெசினில் காற்றுக்குமிழி இருந்தால் செய்த பொருள் குப்பைக்குத்தான் போகும் என்று முதல் வாரமே யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அன்றோடு நுரைக்கும் அவருக்கும் ஆகாமல் போயிற்று.

வேலையோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சாப்பாட்டுக் கடைக்கு எங்களோடு வந்தாலும் இதே கதைதான்.

“ஒரு தே தாரேக். நுரை இல்லாம.”

“நுரை இல்லாம எப்படி பாய் தாரேக்கு?” என்பார் டீ போடுகிறவர்.

“இழுக்காம குடுலா.”

“இழுக்காம குடுத்தா அது வெறும் தே பாய்.”

“நான் தாரேக்னு நெனச்சுக்கிட்டு குடிச்சிக்கிறேன். நீ வெறும் தேயே குடு.”

அப்படி வந்த தேநீரிலும் ஓரத்தில் நாலு குமிழி மிதக்கும். கரண்டி நுனியால் ஒவ்வொன்றாகக் குத்தி உடைத்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். அதற்குள் தேநீர் ஆறிப்போயிருக்கும். ஆறிப்போனதற்குக் கடைக்காரரோடு தனியாக ஒரு சண்டை நடக்கும்.

எங்கள் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். அச்சுக்குள் கண்ணாடி நார்த்துணியை அடுக்கடுக்காகப் பரப்புவோம். அதன்மேல் பிளாஸ்டிக் பையைப் போர்த்தி, ஓரங்களைப் பசை நாடாவால் ஒட்டி, பம்பு வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சுவோம். பிறகு குழாயைத் திறந்துவிட்டால் வாளியில் இருக்கும் ரெசின் தானாகவே உள்ளே ஓடித் துணியை நனைக்கும். துணி முழுக்க நனைவதற்குள் ரெசின் உறைந்துவிட்டால் தீர்ந்தது. நனையாத இடம் வெள்ளையாக நம்மைப் பார்த்து இளிக்கும். ஆகவே எந்த ரெசினை வாங்குவது என்பதில்தான் எங்கள் பிழைப்பே இருக்கிறது. அந்த முடிவை எடுப்பவள் நான். அந்தப் பிரிவின் சூப்பர்வைசர், டிப்ளோமா படித்தவள், டேட்டா ஷீட்டில் அச்சடித்த எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவள்.

பாய் டேட்டா ஷீட்டை விசிறிக்கொள்ளத்தான் எடுப்பார். ரெசின் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்பதற்கு அவரிடம் சொந்த அளவு இருந்தது. குச்சியில் எடுத்து ஒழுகவிட்டுப் பார்ப்பார். தண்ணீராக ஓடினால் பால் விடாத ‘தே ஓ’, கொஞ்சம் தயங்கி ஓடினால் ‘பால் தே’, ஓடவே யோசித்தால் ‘கஞ்சி’. எங்களுக்குத் தேவை தே ஓ. ஒருமுறை கோலாலம்பூரிலிருந்து ஒரு விற்பனையாளர் டை கட்டிக்கொண்டு வந்து, தன் ரெசின் உறைய ஒரு மணி நேரம் ஆகும் என்று அரை மணி நேரம் பேசினார்.

பாய் நிதானமாகக் கேட்டார். “சார், இந்த ஒரு மணி நேரத்த எந்த ரூம்ல உக்காந்து பாத்தாங்க?”

“லேப்ல. இருபத்தஞ்சு டிகிரி.”

“எங்க பேக்டரில இருபத்தஞ்சு டிகிரி ஐஸ் பெட்டிக்குள்ளதான் சார் இருக்கு. அங்க வச்சு அச்சுல ஊத்த முடியுமா?”

விற்பனையாளர் டையைத் தளர்த்திக்கொண்டார். தகரக் கூரைக்குக் கீழே நின்றால் யாரும் அதைத்தான் செய்வார்கள். போகும்போது, மெதுவாக உறைய வைக்கும் ஹார்டனர் ஒரு புட்டி சாம்பிளாகக் கொடுத்துவிட்டுப் போனார். பாய் அதை வாங்கித் தன் ஐஸ் பெட்டியில் பத்திரப்படுத்தினார்.

புது ரெசின் எது வந்தாலும் காலை, நண்பகல், மூன்று மணி என்று மூன்று வேளையும் காகிதக் கோப்பைகளில் கலந்து வைத்து, எத்தனை நிமிஷத்தில் உறைகிறது என்று எழுதுவது அவர் வழக்கம். பழைய தொழில் புத்தி, கோப்பைகளை டீ போடும் மேசையில்தான் வரிசையாக வைப்பார். ஜலதோஷத்தில் மூக்கடைத்துப் போயிருந்த எங்கள் சீன முதலாளி ஒருநாள் அவசரமாக ஒன்றை எடுத்துச் சீனி போட்டுக் கலக்கிக்கொண்டே போனில் பேசினார். நல்லவேளை, பேச்சு நீண்டது. பேசி முடித்துப் பார்த்தால் கரண்டி அசையவில்லை. ஓடி வந்த பாய் முதலாளியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்தார். கோப்பையின் மேல் ‘19 நிமிஷம், சீனியுடன்’ என்று எழுதி வைத்தார்.

இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு அவசர வேலை பார்ப்பது எவ்வளவு கொடுமை என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அந்த அவசரமும் வந்தது. போர்ட்டிக்சனில் படகு கட்டும் ஒருவர் எங்களிடம் மாதிரிக்குப் படகு மூடி ஒன்று செய்யச் சொல்லியிருந்தார். ஆள் படுத்துத் தூங்கும் அளவு பெரியது. முதல் மூடி பையில் ஓட்டை இருந்ததால் போயிற்று. இரண்டாவது, நான் வாங்கிய ரெசின் கஞ்சியாக இருந்ததால் போயிற்று. முதலாளி என்னைக் கூப்பிட்டார். மூன்றாவதும் போனால் பம்பை விற்றுவிட்டுப் பிரிவை மூடிவிடுவேன், ஐந்து பேரும் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். பம்பு வாங்கச் சொல்லி அவரை நச்சரித்தவள் நான். மற்ற நால்வர் முகத்தையும் பார்க்க எனக்குக் கூசியது.

டை கட்டியவரின் ரெசினையே வாங்கினேன். தே ஓ மாதிரி ஓடியது. அது வந்து சேர்ந்ததே வெள்ளிக்கிழமை காலையில்தான். படகுக்காரர் சனிக்கிழமை காலை வருகிறார்.

“மூணு வேளையும் பாத்துட்டு அப்புறம் ஊத்தலாம் தங்கச்சி,” என்றார் பாய்.

“மூணு வேளை பாத்தா பொழுது போயிடும் பாய். ஆள் நாளைக்கு வர்றாரு.”

“கப்புல கெட்டா கப்போட போகும். அச்சுல கெட்டா?”

“சரி பாய், பாக்கலாம்,” என்றேன். பார்க்கும் எண்ணம் எனக்கு இல்லை. வெள்ளிக்கிழமை பகலில் பாய் தொழுகைக்குப் போவார். முடிந்ததும் பள்ளிவாசல் பக்கத்துக் கடையில் பிரியாணி. அந்தப் பிரியாணியை அவர் விட்டதாகச் சரித்திரமே கிடையாது. இரண்டே முக்காலுக்குத்தான் திரும்புவார். அதற்குள் ரெசினை ஓட்டி முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. ஒரு நல்ல மனிதர் சாமி கும்பிடப் போகும் நேரம் பார்த்து நான் செய்த திருட்டுத்தனம் அது. இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவர் மோட்டார் சைக்கிள் கேட்டைத் தாண்டியதும் ரெசினைக் கலந்தோம். ஒன்றேகாலுக்குக் குழாயைத் திறந்தேன். அழகாக ஓடியது. மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தேன். இருபது நிமிஷம் போனதும் வாளியைத் தொட்டால் சூடு. அரை மணி ஆனபோது குழாயில் ஓட்டம் நின்றுவிட்டது. மூடியின் ஒரு மூலையில், பம்பு உறிஞ்சும் பக்கம், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வெள்ளை. என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வெயில் ஏறினால் பால் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்திலேயே கட்டிப்போகும் என்று எங்கள் தோட்டத்தில் பேச்சு வராத பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தோட்டத்தில் வளர்ந்த நான், கொதிக்கும் தகரக் கூரைக்குக் கீழே, உச்சி வெயிலில், ஒரு மணி நேரம் ஆகும் என்று காகிதத்தில் படித்ததை நம்பி நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். மணி இரண்டுதான். பாய் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். வெள்ளை மூலையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

“பம்ப நிறுத்திட்டீங்களா?”

“இல்ல பாய்.”

“நிறுத்தாதீங்க. பழசு இன்னும் பச்சையாத்தான் இருக்கும், புதுசு ஒட்டிக்கும். புதுக் குழாய் ஒன்னு, பசை நாடா, சீக்கிரம்!”

ஐஸ் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு டப்பாவில் குளிர்ந்த ரெசின் அளந்து தயாராக இருந்தது. பக்கத்தில் அந்த சாம்பிள் புட்டி. தட்டைக் குச்சியால் ஒரு குமிழிகூட வராமல் கலந்தார். நின்றுபோன ரெசினின் எல்லையில் பையை மிளகு அளவு துளைத்து, முனையை மடக்கிப் பிடித்த குழாயைச் செருகி, சுற்றிலும் நாடாவை அமுக்கினார். பிடியை விட்டதும் ரெசின் மெதுவாக வெள்ளைக்குள் இறங்கியது. ஐந்து பேரும் அச்சைச் சுற்றி நின்றோம். வெள்ளை உள்ளங்கை அளவாயிற்று, காசு அளவாயிற்று, இல்லாமலே போயிற்று. “அல்ஹம்துலில்லாஹ்,” என்றார் பாய். “முருகா,” என்றேன் நான்.

மறுநாள் படகுக்காரர் மூடியை விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பார்த்தார். மேலே ஏறி நின்றார். இறங்கி வந்து, இதே மாதிரி செய்துகொண்டே இருங்கள் என்றார். நல்ல ரெசினாகப் பார்த்து வாங்கினாய் என்று முதலாளி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாங்கினது நான், காப்பாற்றினது பாய் என்று அங்கேயே சொன்னேன். ஆனால் பாயிடம் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கியிருந்தது.

“பாய், நீங்க இல்லாத நேரமாப் பாத்துத்தான் நேத்து ஊத்தினேன்.”

“தெரியும் தங்கச்சி.”

“எப்படித் தெரியும்?”

“காலையில நீங்க பைய ஒட்டுன வேகத்திலயே தெரிஞ்சிருச்சு. சொன்னா கேக்குற நிலையில நீங்க இல்ல. அதான் ரெசின ஐஸ்ல வச்சிட்டு, தொழுகை முடிஞ்சதும் சாப்பிடாம ஓடியாந்தேன்.”

அவ்வளவுதான் சொன்னார். நேற்றுப் பகல் முழுக்க அவர் பட்டினி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் பிரிவு இன்றைக்கும் ஓடுகிறது. என் வீட்டில் அடுப்பு எரிவதும் அதனால்தான். பாய் போன வருஷம் ஓய்வு வாங்கிக்கொண்டு நீலாயில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வெள்ளிக்கிழமை பகலானால் நீலாய்க்குப் போன் போட்டு, “சாப்பிட்டீங்களா பாய்?” என்று கேட்பேன். சாப்பிட்டேன் என்று அவர் சொன்ன பிறகுதான் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிறேன்.