பரங்கிக்காய்க்குத் தாலாட்டு

"ஷர்லி, அது தூங்கப் போகுது! ஓடு, ஓடு!"

குளியலறையிலிருந்து ஜெபக்குமார் போட்ட கூச்சலில், அப்போதுதான் கண்ணயர்ந்த ஐந்து மாதக் குழந்தை பிளெஸ்ஸி விழித்து வீறிட்டது. குழந்தையைத் தூக்குவதா, லேப்டாப்பைத் தட்டுவதா என்று ஷர்லி ஒரு நொடி தடுமாறினாள். அந்த ஒரு நொடி போதும். திரை இருண்டது, ஒருமுறை முனகியது, நீலமாகிச் செத்தது. காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த கணக்கு இனி முதலிலிருந்து ஓட வேண்டும்.

ஜெபக்குமார் ஆவூர் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்ப்பவன். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் எந்த லேப்டாப்பும் தூங்கத்தான் செய்யும். கம்பெனி இவனுக்குக் கொடுத்தது மட்டும் தூங்கப் போகிற வழியிலேயே மண்டையைப் போட்டது. தூங்காமல் இருக்கச் செய்யலாமென்றால், அந்த செட்டிங்கை ஆபீஸ் பூட்டி வைத்திருந்தது.

மேனேஜர் முத்துராஜ் போனில் கறாராகச் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவை கணக்கு நின்னுச்சுன்னா, பேசாம சென்னைக்கு வந்து ஆபீஸ்லயே உக்காந்து பாருங்க."

பிளெஸ்ஸி இப்போதுதான் குப்புற விழப் பழகியிருந்தாள். அவளை விட்டுவிட்டுச் சென்னையா? நினைத்தாலே ஜெபக்குமாருக்கு அழுகை வந்தது.

ஆபீஸில் லேப்டாப் கோளாறுகளைப் பார்க்கிற நிலவழகனுக்குப் போன் போட்டான்.

"இங்கேருந்தே பாக்குறேன் சார். அதுவரைக்கும் அதைத் தூங்க மட்டும் விட்றாதீங்க."

ஜெபக்குமார் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். அவன் எழுந்துபோனால் ஷர்லி மவுசை ஆட்ட வேண்டும் என்று ஏற்பாடு. முதல் நாளே சாம்பார் அடிப்பிடித்தது.

"தொட்டில் சும்மாதானே ஆடுது? அதுல கட்டித் தொலைங்க!" என்றாள் ஷர்லி, கரண்டியோடு.

நல்ல யோசனை. சேலைத் தொட்டிலின் அடியில் மவுசைக் கட்டி, அது உரசிக்கொண்டு போக ஒரு பலகையும் வைத்தான். குழந்தை தூங்கியது, லேப்டாப் விழித்திருந்தது. குழந்தை எழுந்த பிறகுதான் சிக்கல் வந்தது. வெறும் தொட்டிலை அவன் ஆட்டிக்கொண்டிருந்ததைப் பக்கத்து வீட்டு அடைக்கலமேரி பார்த்துவிட்டாள்.

"ஏப்பா, வெறுந்தொட்டிய ஆட்டுறியே! புள்ளைக்கு வயித்து நோவு வந்துரும்ப்பா!"

"அக்கா சொல்றது சரிதான். நிறுத்துங்க" என்றாள் ஷர்லி.

"நிறுத்துனா நான் சென்னைக்குப் போகணும்டி."

"ஆட்டுனா புள்ளைக்கு நோவு வரும்."

இருவர் பார்வையும் சமையலறை மூலையில் கிடந்த பரங்கிக்காயின் மேல் ஒரே நேரத்தில் விழுந்தது.

மறுநாள் வந்த அடைக்கலமேரி தொட்டிலை விலக்கிப் பார்த்தாள். பிறகு ஜெபக்குமாரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நெறம் ஆத்தாவைக் கொண்டிருக்கு. உருண்ட மண்ட மட்டும் ஒன்னையதுதாம்ப்பா."

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. எடுத்து மாற்றுவதற்குள் லேப்டாப் தூங்கிவிடுமோ என்ற பயத்தில் பரங்கிக்காயைத் தொட்டிலை விட்டு இறக்கவே இல்லை. தொட்டிலைப் பறிகொடுத்த பிளெஸ்ஸி வேறெங்கும் தூங்க மறுத்தாள். அவளைத் தோளில் போட்டு நடந்து நடந்து ஷர்லிக்குக் கால் வீங்கியது. சாப்பிடும்போதும், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதும் ஆள் மாற்றி ஆட்டினார்கள். அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்கியது பரங்கிக்காய் ஒன்றுதான்.

அடுத்த வாரம் முத்துராஜ் கூப்பிட்டார். குரலில் தேன் வழிந்தது.

"ஜெபா, ஆபீஸ் சாட்ல ஆள் வேலையில இருக்கார்னு காட்டுற பச்சை விளக்கு உங்க பேருக்குப் பக்கத்துல அணையவே இல்லையே! சாப்பாட்டு நேரத்துல எரியுது, ஞாயித்துக்கிழமையும் எரியுது. எம்.டி. அசந்துட்டார். இப்படி உழைக்கிற ஆளு ஊர்ல கிடக்கலாமா? டீம் லீடர் ஆக்கியாச்சு. திங்கக்கிழமை சென்னை ஆபீஸுக்கு வந்துருங்க."

"சார், நான் உழைக்கலை சார்!"

"இந்த அடக்கம்தான் உங்ககிட்ட புடிச்சதே" என்று போனை வைத்துவிட்டார்.

ஜெபக்குமார் தொட்டிலுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிளெஸ்ஸியை இறுக்கிக்கொண்டு நின்ற ஷர்லிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் அவள் கை பழக்கத்தில் தொட்டிலை ஆட்டிக்கொண்டுதான் இருந்தது.

மறுபடி போன் அடித்தது. நிலவழகன்.

"சார், ஒங்க கம்ப்ளைண்ட்டை முடிச்சிரலாமா? அதை நீங்க போன் பண்ண அன்னைக்கே சரி பண்ணிட்டேனே... ஒரு தடவைகூடவா நீங்க அதைத் தூங்க விடலை?"