நீதியரசர் கிராப் உயர்ந்துகொண்டே போன வரலாறு

மாண்புமிகு லெமுவேல் கிராப் அவர்கள், இண்டியானாவில் எங்கள் ஆற்றங்கரை ஊரில் பத்து வருஷம் வக்கீலாக இருந்தார். எடுத்த வழக்கு அத்தனையிலும் தோற்றார். பன்றி திருடியதாகப் பிடிபட்ட என் மச்சானுக்காக இவர் வாதாடி முடித்தபோது, குற்றச்சாட்டில் ஒரு குதிரையும் சேர்ந்திருந்தது.

"இந்த ஆளை எப்படியாவது ஊரைவிட்டு அனுப்பணும்ப்பா," என்றார் கொல்லர் ஜெத்ரோ.

அடித்து விரட்டினால் சட்டவிரோதம். ஆகவே தேர்தலில் நிறுத்தி, தீவட்டி ஊர்வலம் நடத்தி, வாஷிங்டனில் இருக்கும் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிவைத்தோம். முதல் ஓட்டு நான்தான் போட்டேன்.

அங்கே ஆறு மணி நேரம் பேசி ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஆற்றில் இடைஞ்சலாக எதுவும் இருக்கக் கூடாது. எது இடைஞ்சல் என்பதை, சட்டத்தை எழுதியவரின் கருத்தை அறிந்து நீதிமன்றம் முடிவு செய்யும். அவர் பேச்சைத் தாங்க முடியாமல், எலியும் பூனையுமாக இருந்த இரண்டு கட்சிகளும் ஒன்றுசேர்ந்து, அவரை மத்திய நீதிபதியாக்கி எங்களிடமே திருப்பி அனுப்பின. ஆயுள் முழுக்கப் பதவி!

நான் படகுக்காரன். கரைக்குக் கரை கயிறு கட்டி, அதை இழுத்துப் படகு விடுவேன். வேறு பிழைப்பு தெரியாது. அந்தக் கயிறு இடைஞ்சல் என்று நீராவிக் கப்பல்காரன் வழக்குப் போட்டான்.

நீதிபதி சட்டத்தைப் படித்தார். "எந்த மடையன்யா இதை எழுதினான்? ஒண்ணும் புரியலையே!"

"நீங்கதான் ஐயா எழுதினீங்க," என்றேன்.

"நானா?"

எனக்கு உயிர் வந்தது. "அப்போ நீங்களே சொல்லிடுங்க ஐயா. என் கயித்தை நினைச்சா எழுதினீங்க?"

"சட்டத்தை எழுதின ஆளோட நீதிபதி தனியாப் பேசக் கூடாது. ஒழுங்கீனம்!"

"பேச வேண்டாம், கொஞ்சம் யோசிச்சாவது பாருங்களேன்!"

"சாட்சி சொல்லாததை யோசிக்கிறது அதைவிடத் தப்பு."

எழுதியவரின் கருத்து கிடைக்காதபடியால் கயிற்றை அறுக்கத் தீர்ப்பாயிற்று. வயிறெரிந்து வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். நீதிபதிதான். அவர் வீடு அக்கரையில்.

"படகு எங்கேப்பா?" என்றார்.

அன்றிலிருந்து அவருக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை, தினமும் நாலு மணி நேரப் பேச்சு.

"இந்த மனுஷன் எப்பத்தான் போவார்?" என்று அழுதாள் என் மனைவி கெசையா.

"கீழே இறக்க முடியாதுடி. மேலே வேணும்னா ஏத்தலாம்."

மறுநாள் ஊரே கூடி மனு எழுதினோம்: 'இத்தகைய மேதைக்கு நாட்டின் உச்ச நீதிமன்றமே உரிய இடம்.' முதல் கையெழுத்து என்னுடையது.