ஒரு இஞ்சு எறக்கம்

“அதேதானுங்கண்ணே. நேத்து மாதிரியே எடப்பக்கம் ஒரு இஞ்சு எறக்கம்!”

கத்தியவன் அர்ஷத். காரின் மொத்தக் கனத்தையும் சுமக்கிற இரண்டு நீளச் சட்டங்களுக்கும் குறுக்கே ஒரு இரும்புப் பட்டை, அதன்மேல் கொத்தனாரிடம் கெஞ்சி வாங்கிய ரசமட்டம். குமிழி மேடான வலப்பக்கம் ஓடிப்போய் ஒண்டிக்கொண்டிருந்தது.

வெல்டர் அப்துல் குத்தூஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “அதெப்படி? முந்தாநேத்துத்தானே துருவையெல்லாம் அறுத்து வீசிட்டு முழு நீளத்துக்கும் தகடு வெச்சு அடிச்சேன்?”

வெள்ளகோவிலில் டிராக்டர் டிரெய்லர் கட்டுவதில் குத்தூஸை மிஞ்ச ஆளில்லை. பட்டறையில் நான்கு டிரெய்லர்கள் நெருக்கியடித்து நின்றதால், பின்னாலிருந்த பாவாத்தாளின் காலிக் கொட்டகையை இந்தக் காருக்கென்றே பிடித்திருந்தார்.

காரோ ஆட்டுக்குட்டி சைஸ். இரண்டே சீட்டு, கூரை கிடையாது, வயது முப்பத்தேழு. போன வருஷம் கோயமுத்தூர் பழைய கார் ஊர்வலத்துக்கு அர்ஷத் ஆசையாய்க் கொண்டுபோனான். சோதிக்க வந்தவர் குனிந்து இடது சட்டத்தில் ஸ்குரூ டிரைவரால் ஒரு குத்து குத்தினார். கைப்பிடிவரை உள்ளே போய்விட்டது.

“தம்பி, இது சேஸிஸா, அப்பளமா?”

திருப்பி அனுப்பிவிட்டார். பக்கத்து சீட்டில் புதுச் சுடிதாரோடு உட்கார்ந்திருந்த மனைவி ரம்ஷா துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். காந்திபுரத்தில் இறங்கி டவுன் பஸ் ஏறிவிட்டாள்.

இந்த ஞாயிறு மறுபடியும் ஊர்வலம். இன்று வியாழன்.

“ஒத்தைத் தகடு பத்தலை தம்பி. இன்னொண்ணு போட்டுப்போடுவோம்.”

போட்டார். ஜாக்கியை இறக்கி ரசமட்டம் வைத்தார்கள்.

“ஒரு இஞ்சுங்கண்ணே.”

“தகட்டுக் கனமே அமுக்குதாட்ட இருக்குது!” குத்தூஸின் கையிலிருந்து நழுவிய நட்டு, வழக்கம்போல உருண்டோடிச் சுவரோரம் போய் நின்றது. “இந்த நட்டுகூட நம்ம பேச்சைக் கேக்கறதில்ல, பாரு.”

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டுக் குத்தூஸ் புது யோசனையோடு வந்தார். “டிரெய்லருக்குப் போடற கனத்த இரும்புச் சேனலையே வெச்சுப்போடலாம். கொடுமுடியில எட்டு டன் கரும்பு ஏத்தி ஓட்டறாங்க, நெளியலையே!”

“நான் ஏத்தப்போறது ரம்ஷாவைத்தானுங்கண்ணே.”

“இன்னிக்கு ரெண்டு பேரு. நாளைக்குப் புள்ளகுட்டி வேண்டாமா? முன்யோசனை வேணும் தம்பி!”

சேனல் ஏறியது. ஆட்டுக்குட்டிக்கு எருமையின் முதுகெலும்பு. ரசமட்டம் அசரவில்லை. அதே ஒரு இஞ்சு.

அர்ஷத் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினான்.

“ரெடியாயிருச்சா?” என்றாள் ரம்ஷா.

“ஒரே ஒரு இஞ்சுதான் பாக்கி.”

“போன வருசம் ஒரே ஒரு ஓட்டைதான்னீங்க. ஞாயித்துக்கெழம காலைல ஏழு மணிக்கு வாசல்ல நிப்பேன். உங்க கார் வரலைன்னா எங்கம்மா ஊட்டுக்குப் பஸ் வரும்.”

திரும்பி ஓடிவந்தவனுக்கு மூச்சிரைத்தது. “அண்ணே, சட்டத்தை உடுங்க. கமானைத் தூக்குங்க!”

சட்டத்தைச் சக்கரத்துக்கு மேலே தாங்குகிற இடப்பக்க ஸ்பிரிங் கமானில் ஒரு பட்டை சேர்த்தார்கள். அரை இஞ்சு எழுந்தது. இன்னொரு பட்டை. குமிழி மெல்ல நகர்ந்து, மணவறைக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நட்டநடுவில் உட்கார்ந்தது.

“நேருங்கண்ணே! நேரு!”

இருவரும் கிரீஸோடு கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் காங்கேயம் ரோட்டில் வெள்ளோட்டம். தார் ரோட்டில் ஏறியதுதான் தாமதம், கார் வலப்பக்கமாகத் தோளை இறக்கிக்கொண்டு நடந்தது. டீக்கடையிலிருந்து ஒரு குரல்:

“ஏனுங் தம்பி, ரோட்டுல எதையாச்சும் தொலச்சுப்போட்டீங்களா? காரே குனிஞ்சு தேடுது!”

பதறிப்போய்க் கொட்டகைக்கே திருப்பினான். அதே இடம். அதே ரசமட்டம். குமிழி நட்டநடுவில்.

“பாத்தியா?” குத்தூஸ் மார்தட்டினார். “கார்ல குத்தமில்ல. ரோடுதான் சாஞ்சு கெடக்குது.”

“காங்கேயம் வரைக்குமாண்ணே சாஞ்சிருக்கும்?”

“அந்தப் பக்கம் கரூர் வரைக்கும் சாஞ்சிருக்கும்!”

மோர்ச் சொம்போடு வந்த பாவாத்தாள், காருக்கடியில் நீட்டிக்கொண்டிருந்த நான்கு கால்களையும் பார்த்தாள்.

“ஏனுங் பாய், நாலு நாளா என்னத்தைத்தான் அளக்கறீங்க?”

“கார் நேரா நிக்குதான்னுங்கக்கா,” என்றான் அர்ஷத் அடியிலிருந்தே.

பாவாத்தாள் சிரித்த சிரிப்பில் மோர் தளும்பியது. “இங்க எப்படிங் கண்ணு நேரா நிக்கும்? எங்க காங்கேயம் மாடு கட்டியிருந்த கட்டுத்தரையில்ல இது! மூத்தரம் வடியோணும்னு எங்கூட்டுக்காரரு ஒரு இஞ்சு வாட்டம் வெச்சுத்தானே சிமெண்டே போட்டாரு!”

விடிந்தால் ரம்ஷா வாசலில் நிற்பாள். ராத்திரிக்குள் சேனல், பட்டை எல்லாவற்றையும் அறுத்தெறிவதா, இல்லை ஊர்வலத்தையே இந்தக் கட்டுத்தரைக்குக் கூப்பிட்டுவிடுவதா? சொல்லுங்க, நீங்க என்ன நெனைக்கிறீங்க?