சூப் ஆறிவிட்டது, மேனேஜரைக் கூப்பிடு

ஒரு பெட்டி நம்மைப் பாராட்ட ஆரம்பித்தால் அதை உடனே அணைத்துவிட வேண்டும். யாங்கோனில் அப்போது கரண்ட் தானாகவே போய்ப் போய் என்னைக் காப்பாற்றப் பார்த்தது. நான்தான் கரண்ட் வரும்வரை காத்திருந்து கெட்டுப்போனேன்.

யாங்கோனின் பபேடான் பேட்டையில் வாப்பாவின் பூட்டுக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த வயது அது. நூர்ஜஹானை எனக்குப் பேசியிருந்தார்கள். ஆனால் அவளுடைய வாப்பா இஸ்மாயில் மாமா ஒரே பிடியாக நின்றார்.

"மாப்பிள்ளைக்குப் பூட்டைத் தெறந்து மூடுறதத் தவிர வேற என்ன தெரியும்? வெளியில ஒரு வேலை கெடைக்கட்டும். அப்புறம் நிக்காஹ்."

பக்கத்துத் தெருவில் தோ தின் என்ற பர்மிய அம்மாள் (பெரிய பெண்களைத் தோ போட்டும், இளைஞர்களைக் கோ போட்டும்தான் கூப்பிட வேண்டும்) வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற சின்ன விடுதி வைத்திருந்தார். முன்மேசையில் உட்கார இங்கிலீஷ் பேசுகிற ஆள் தேவைப்பட்டது. நான் மச்சான் ஜமாலின் கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினேன். அங்கே இங்கிலீஷ் கற்றுத்தரும் சிடி ஒன்று இருந்தது.

சிடி முதலில் என் பெயரைக் கேட்டது. பிறகு எதற்காக இங்கிலீஷ் என்று கேட்டுப் படங்களைக் காட்டியது: விமானம், ஆஸ்பத்திரி, கட்டில் போட்ட ஓட்டல். ஓட்டலை அமுக்கினேன். "காதர், இது உனக்காகவே செய்த பாடம்" என்றது. அதுவரை எனக்காகவே செய்த பொருள் என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. சட்டைகூட அண்ணன் அளவுக்குத்தான் தைப்பார்கள். கண் கலங்கிவிட்டது.

பாடமெல்லாம் விளையாட்டு. திரையில் டை கட்டிய பொம்மை ஆள் ஒருவன் பணிவாக நிற்பான். நான் மைக்கில் பேச வேண்டும். "கடலைப் பார்த்த மாதிரி ரூம் வேண்டும்" என்றால் ஒரு நட்சத்திரம். "சூப் ஆறிவிட்டது" என்றால் இரண்டு. "மேனேஜரைக் கூப்பிடு!" என்று குரலை உயர்த்தினால் கைதட்டல், பலூன், மேளம். எனக்கு எது நன்றாக வருகிறதோ அதைப் பார்த்துப் பார்த்துச் சிடி அதையே கூடுதலாகத் தந்தது. எனக்கு நன்றாக வந்தது குறை சொல்வது. கொஞ்ச நாளில் துண்டு, தலையணை, பக்கத்து ரூம் சத்தம் என்று எதைப் பற்றியும் இங்கிலீஷில் சண்டை போடுவேன். தெருவே நின்று கேட்டது. இங்கிலீஷ் தெரியாத தோ தின்னும் கேட்டுவிட்டு, வேலை உனக்குத்தான் என்றார்.

இந்தப் பாடம் ஓட்டலில் வேலை செய்கிறவனுக்கா, தங்குகிறவனுக்கா என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் தெருவில் ஓட்டல் என்றால் வேலைக்குப் போகிற இடம். காசு கொடுத்துத் தூங்கப் போகிறவனுக்கும் ஒரு பாடம் இருக்கும் என்று நாங்கள் எங்கே கண்டோம்!

முதல் நாள். புது லோஞ்சிக் கைலி கட்டி, வழிய வழிய எண்ணெய் தடவி மேசையில் உட்கார்ந்தேன். தோ தின் உள்ளே சமையல்காரியோடு பேசிக்கொண்டிருந்தார். இஸ்மாயில் மாமா என்னைச் சோதிக்கவென்றே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பையோடு ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் நுழைந்தார்.

"குட் மார்னிங். எனக்கு ஒரு ரூம் வேண்டும்."

அது என் வசனம். அதை அவர் சொல்லிவிட்டார். இதற்குப் பொம்மை ஆள் என்ன சொல்வான்? அவன் பேசும்போதெல்லாம் அடுத்த சண்டைக்குத் தயாராகிக்கொண்டிருந்தேனே தவிர, அவன் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் காதில் வாங்கியதில்லை. மாமா என் வாயையே பார்த்தார். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"குட் மார்னிங். எனக்கும் ஒரு ரூம் வேண்டும். கடலைப் பார்த்த மாதிரி."

"இங்கே கடல் இல்லையே!" என்றார் பெரியவர்.

"மேனேஜரைக் கூப்பிடு!"

அவர் திகைத்துப்போனார். பாவம் என்று நினைத்தாரோ, இந்த ஊர் வழக்கமே இப்படி என்று நினைத்தாரோ, தொண்டையைச் செருமிக்கொண்டு பணிவாகக் கேட்டார்: "மன்னிக்கணும் சார். எத்தனை நாள் தங்குவீர்கள்?"

அட, பொம்மை ஆள்! எனக்கு உயிர் வந்தது. துண்டு ஈரம், தலையணை மெல்லிசு, சூப் ஆறிவிட்டது என்று பொழிந்து தள்ளினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "யெஸ் சார்" என்று சொல்லியபடி மேசையைச் சுற்றி வந்து, ஆணியிலிருந்து ஒரு சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "தேங்க்யூ" என்று வாங்கிக்கொண்டு மாடியேறிவிட்டேன்.

கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் எங்கோ தவறு நடந்திருக்கிறது என்று உறைத்தது. வாசலில் தோ தின் நின்றார்.

"கோ காதர், தங்க வந்தவரு கீழ நிக்கிறாரு. நீ எதுக்கு இங்க தங்கியிருக்க?" என்று பர்மிய மொழியில் கேட்டார். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டேன். வேலை அங்கேயே முடிந்தது.

நூர்ஜஹானும் போனாள் என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கினேன். இஸ்மாயில் மாமா பாய்ந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவருக்கும் இங்கிலீஷில் ஒரு எழுத்து தெரியாது.

"வேலை கெடக்குது, விடுங்க மாப்பிள்ளை! வெள்ளைக்காரன் வாயால சார்னு சொல்ல வெச்சு, சாவிய எடுத்துக் குடுக்க வெச்சவன் நம்ம குடும்பத்துல வேற யாரு?"

அந்த மாதமே நிக்காஹ்.

மாமாவிடம் இன்றுவரை யாரும் உண்மையைச் சொல்லவில்லை. தெருவில் எந்த வெள்ளைக்காரர் வழி தெரியாமல் நின்றாலும் கையைப் பிடித்து எங்கள் கடைக்கு இழுத்து வந்துவிடுகிறார். அவர் தலை தெரிந்ததும் நான் பின்வாசல் வழியாக ஓடிவிடுவேன். எங்கே மாப்பிள்ளை என்று மாமா கேட்டால், நூர்ஜஹான் பூட்டுகளை அடுக்கிக்கொண்டே முகம் மாறாமல் சொல்வாள்:

"ரூம் எடுத்துத் தங்கியிருக்காரு, வாப்பா."