ராஜாவின் தொப்பையும் ஒரு கரண்டி விளக்கெண்ணெயும்

படித்த புத்தகத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. தலை நரைத்த பிறகும் தெரியவில்லை. பத்தொன்பது வயதிலோ அது வியாதியாகவே முற்றியிருந்தது.

அப்போது இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவுக்குத் துரை பங்களாவில் பூச்செடிகளைப் பார்க்கும் வேலை. எஸ்.எஸ்.சி. பாஸான மகள் இங்கிலீசுப் புத்தகமெல்லாம் படிப்பாள் என்று அவர் ரோசாவுக்கு மண் அணைத்துக்கொண்டே பெருமையடிக்க, துரைசாணி வாரம் இரண்டு புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கினார். எல்லாம் இரண்டே ரகம். ஒன்று, அவர் விரும்பிப் படிக்கும் ராஜா ராணிகளின் வாழ்க்கை வரலாறு. மற்றது, சீமையில் விடுதியில் தங்கிப் படிக்கும் அவருடைய மகள் விட்டுப்போன பள்ளிக்கூடப் பெண்கள் கதை.

மண்ணெண்ணெய் விளக்கடியில் படிப்பேன். அட்டன் டவுனில் நானா கடையில் வாங்கிய பென்சிலால் பக்கத்தின் ஓரத்தில் என் தீர்ப்பைத் தமிழில் எழுதுவேன். (பங்களாவில் தமிழ் வாசிக்க யார் இருக்கிறார்கள் என்ற தைரியம். துரைக்குத் தெரிந்த தமிழ் வேலை வாங்கும் தமிழ். துரைசாணிக்கு அதுவும் கிடையாது.)

தோட்டப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியை வேலை காலியானது. பள்ளிக்கூட விஷயம் துரைசாணியின் பொறுப்பு. வேலை கிடைத்தால் நான் டீச்சர். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை விடியற்காலைப் பெரட்டில், ஆளெண்ணும் வரிசையில், அம்மாவுக்குப் பின்னால் கொழுந்துக் கூடையோடு நிற்க வேண்டும்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு புள்ள. ஒன் வாயி இருக்கே..." என்று அம்மா தன் கல்யாணச் சேலையை எனக்குக் கட்டிவிட்டாள்.

பங்களா வராந்தாவில் துரைசாணி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கரையா. நடுவே மேசையில் நான் திருப்பி அனுப்பிய மூன்று புத்தகங்கள். என் சர்டிபிகேட்டை யாரும் கேட்கவில்லை.

"இந்தப் பெண் என் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறாள்? வாசித்துச் சொல்லுங்கள்" என்றார் துரைசாணி, இங்கிலீசில்.

கிளாக்கரையா முதல் புத்தகத்தைப் பிரித்தார். ஒரு ராணியின் கதை. ஓரத்தில் நான் எழுதியிருந்தது: "பத்து மணிக்கு எழும்புகிறவள் ஏழைகளை நினைத்து உருகினாளாம். எங்கள் பெரட்டுக்கு வந்து உருகட்டும்."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "மேடம், ராணியின் இரக்கம் தோட்டத் தொழிலாளர்களையும் எட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறாள்" என்றார்.

துரைசாணி புன்னகைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவின் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாவது, பள்ளிக்கூடக் கதை. ஹாக்கி அணியில் சேர்க்கவில்லை என்று ஒருத்தி மூன்று அத்தியாயம் அழுகிறாள். "இவளைக் கொழுந்துக் கூடையோடு ஒரு நாள் மலையில் ஏற்றினால் அழுகை நின்றுவிடும். ஆனாலும், விடுதி ஜன்னலில் நின்று இவள் வீட்டை நினைத்த இடத்தில் நானும் அழுதேன்." இதை மட்டும் கிளாக்கரையா ஒரு சொல் மாற்றாமல் சொன்னார்.

துரைசாணி வெளியே திரும்பினார். எதிர்மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தார்.

அங்கேயே முடிந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். மூன்றாவது புத்தகம், ஒரு ராஜா.

நான் எழுதியிருந்தது: "படத்தில் ராஜாவின் தொப்பை முன்னால் வருகிறது, ஆள் பின்னால் வருகிறார். அச்சாக நம்ம துரை."

கிளாக்கரையாவுக்கு வியர்த்தது. "மேடம், ராஜாவின் கம்பீரம் நம் துரையை நினைவூட்டுவதாக..."

என்னால் தாங்க முடியவில்லை. வேலை போனால் போகிறது, கூடை வந்தால் வருகிறது. என் விமர்சனத்தைத் துதிபாடலாக மாற்ற இவர் யார்?

"நோ மேடம்!" என்றேன். "கம்பீரம் இல்லை. ஸ்டமக்!" (சந்தேகத்துக்கு இடமில்லாமல் கையால் வளைத்தும் காட்டினேன்.)

சத்தம் கேட்டுத் துரை வெளியே வந்தார். முதலில் தொப்பை வந்தது. பிறகு அவர் வந்தார்.

"என்னா கிளாக்கர்? இந்தப் பொண்ணுக்கு ஸ்டமக்ல என்னா?"

கிளாக்கரையா என்னைப் பார்த்தார். இருபத்தைந்து வருஷ உத்தியோகம் அந்தக் கண்ணில் தள்ளாடியது.

"வயித்து வலிங்க தொரை."

"அப்புடியா? வெளக்கெண்ண குடு!"

தோட்டத்தில் தலைவலிக்கும் அதுதான், சுளுக்குக்கும் அதுதான். போத்தல் வந்தது. துரைசாணியே கரண்டியில் ஊற்றினார். உதட்டைக் கடித்திருந்தார், கண்ணில் நீர் தளும்பியது. சிரிப்பென்று எனக்குத் தெரிந்தது. துரைக்குத் தெரியவில்லை. மறுக்க வழியில்லை. குடித்தேன்.

"இப்பவாவது வாய மூடு தாயி" என்றார் கிளாக்கரையா மெதுவாக.

அடுத்து எங்கள் லயத்து வீடு வரை நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருந்தால் அந்த ஹாக்கி அணி என்னைச் சேர்த்திருக்கும்.

"வேல கெடச்சிருச்சா?" என்று வாசலில் மறித்த அம்மாவிடம், "வழிய விடும்மா!" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

வேலை கிடைத்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் என் மேசையில் பங்களாவிலிருந்து வந்த ஒரு பொட்டலம் இருந்தது. அந்த ஹாக்கிக் கதை. நான் அழுததாக எழுதிய வரிக்குக் கீழே, கிளாக்கரையாவிடம் கேட்டுப் பார்த்து எழுதியிருக்க வேண்டும், பிள்ளைகள் முதன்முதலாக எழுதுவதுபோலக் கோணலான தமிழ் எழுத்தில் ஒரே ஒரு சொல்: "நானும்."

அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இப்போது இளங்கவிஞர்கள் கையெழுத்துப் பிரதியோடு வீட்டுக்கு வந்து, "உங்க அபிப்பிராயத்தை ஒளிக்காமச் சொல்லுங்கம்மா" என்கிறார்கள். நான் வாயைத் திறக்குமுன், உள்ளேயிருந்து என் மகள் வந்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல், மேசையில் ஒரு கரண்டியை வைத்துவிட்டுப் போகிறாள்.